சுக்கினிப் பிஞ்சு வெம்பிய கதை

கார்த்திகையில் விதைத்த 4 சுக்கினிச் (வெள்ளரி மாதிரி நீளமாகக் காய்க்கும் பூசணி வகை) செடிகளில், மார்கழி பாதிக்குள் 11 பிஞ்சு அழுகி விழுந்தன. கோவையில் 4-வது மாடி மொட்டைமாடி, 15 அங்குல குரோபேக். இலையெல்லாம் முறம் மாதிரி விரிந்து செழிப்பாகத்தான் இருந்தது. பிஞ்சு மட்டும் சுண்டுவிரல் நீளத்தோடு நின்றுவிடும். பூ காய்ந்து ஒட்டியிருக்கும் நுனியிலிருந்து மஞ்சள் ஏறும். மூன்றாம் நாள் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்துவிடும்.

தக்காளியில் நுனி அழுகலைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படியே முடிவுகட்டி, ஒரு மாதம் சேர்த்த முட்டை ஓட்டை மிக்ஸியில் அடித்து 4 பையிலும் போட்டேன். அது மண்ணில் கரைந்து வேருக்குப் போவதற்குள் செடியே முடிந்துவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. தண்ணீரையும் தினம் ஒரே அளவாக ஊற்றினேன். அடுத்த வாரம் இன்னும் 4 விழுந்தன.

அப்புறம்தான் ஒரு பிஞ்சை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்ளே புழு இல்லை, தோலில் ஓட்டை இல்லை. அழுகல் பூ ஒட்டிய முனையிலிருந்து உள்ளே இறங்கியிருந்தது, காம்புப் பக்கம் பச்சையாகவே இருந்தது. சத்துக் குறைவால் வரும் நுனி அழுகல் என்றால் காய் ஓரளவு பெருத்த பிறகு நுனியில் பழுப்பாக, செருப்புத் தோல் மாதிரி அமுங்கிப் போகும். என்னுடையது பெருக்கவே ஆரம்பிக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் போனில் புலம்பினேன். "ஏங்கண்ணு, அரசாணிக்கொடி மாதிரித்தானே அதுவும்? பூ விரியறப்போ ஈ, வண்டு ஏதாச்சும் வருதான்னு பாத்தியா?" என்றார். அரசாணி என்றால் எங்கள் பக்கம் பூசணி. நான் மாடிக்குப் போவதே 9 மணிக்கு மேல்தான். அதற்குள் பூ சுருங்கத் தொடங்கியிருக்கும்.

மறுநாள் 6 மணிக்கே போய் உட்கார்ந்தேன். கையகல மஞ்சள் பூ, 3 ஆண், 1 பெண். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். இரண்டரை மணி நேரத்தில் பூவுக்குள் போனது கட்டெறும்பு மட்டும். தேனீ ஒன்றுகூட வரவில்லை. அப்போதுதான் சங்கதி புரிந்தது: மகரந்தம் சேராத பிஞ்சைச் செடி கைவிட்டுவிடுகிறது, அழுகல் அதற்கப்புறம் வந்து சேர்கிறது.

வைத்தியம் சின்னதுதான். அன்றைக்கு விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டால் நடுவில் மஞ்சள் பொடி அப்பிய தண்டு மிஞ்சும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள மடிப்பு ஒவ்வொன்றிலும் பொடி ஒட்டும்படி தடவ வேண்டும். 8 மணிக்குள் முடித்துவிடுவேன். (பக்கத்துப் பையில் இருக்கும் பீர்க்கை இதற்கு நேர்மாறு. அது சாயங்காலம்தான் பூக்கும்.) மூன்றாம் நாள் பிஞ்சின் தோலில் பளபளப்பு வந்தது. ஆறாம் நாள் ஒரு சாண் நீளக் காய்.

சில காலைகளில் பெண் பூ மட்டும் விரிந்திருக்கும், ஆண் பூ ஒன்றும் இருக்காது. அன்றைய பிஞ்சு போனதுதான்.

தை பிறந்ததும் அடுத்த தொல்லை. நன்றாகப் பெருத்துவந்த 2 காய் வளைந்து, ஊசி குத்தினது போல இருந்த இடத்தில் பிசின் மாதிரி ஒரு சொட்டு. கீறினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. பழ ஈ. பொறி கேட்டபோது கடையில் கொடுத்தது மாம்பழ ஈயை இழுக்கும் மெத்தில் யூஜெனால். பத்து நாள் தொங்கவிட்டும் பயனில்லை. பூசணி வகையைத் தாக்கும் ஈக்கு கியூ லூர் என்கிற வேறு கவர்ச்சி மருந்து வேண்டும் என்று பிறகு தெரிந்து மாற்றினேன். அதிலும் ஆண் ஈ மட்டுமே விழும், முட்டையிடும் பெண் ஈ வெளியில்தான் சுற்றும். அதனால் மகரந்தம் தொட்ட மறுநாளே பிஞ்சுக்கு நியூஸ்பேப்பரில் பை செய்து மாட்டினேன். உண்மையில் காயைக் காப்பாற்றியது இந்தப் பைதான். புழு விழுந்த காயை உரக்குழியில் போடவில்லை. மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகக் கிளம்பும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டேன்.

மாசியில் இலையெல்லாம் சாம்பல் பூத்துச் செடி ஓய்ந்தது. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துப் பார்த்தேன், ரொம்ப லேட். மொத்தம் 17 காய். கூட்டு வைத்தோம், ஒரு நாள் மிஞ்சின ஆண் பூவைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜியும் போட்டோம்.

இந்த வருஷம் நாலையும் ஒரே நாளில் விதைக்கவில்லை. முதலில் 2, இரண்டு வாரம் விட்டு மீதி 2. ஒன்றில் பெண் பூ விரியும் நாளில் இன்னொன்றிலாவது ஆண் பூ இருக்குமே.