"சின்னத் தொகைதான் சார்"

"சின்னத் தொகைதான் சார்" என்று சொன்னேன்.

"சின்னத் தொகைன்னா நிறுத்தினாலும் பெரிசா பாதிப்பு இருக்காதே?" என்று மானியத்தை முடிவு செய்யும் அதிகாரி கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் பதில் தேடி முடிப்பதற்குள் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அடுத்த பக்கம் டிரான்ஸ்மிட்டர் பராமரிப்பு. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். மலைமொழி நிகழ்ச்சிக்கு அந்தக் கூட்டத்தில் கிடைத்தது இரண்டு வாக்கியம்தான், அதில் ஒன்று என்னுடையது.

ஆறு வருடம் ஆகிவிட்டது. பொது வானொலியில் கணக்குப் பிரிவில் இருப்பவன் நான். ஒவ்வொரு வருடமும் அரசு மானியத்துக்கான கோப்பைத் தூக்கிக்கொண்டு அப்படி ஓர் அறைக்குப் போயிருக்கிறேன். கேட்டது கிடைத்த வருடமும் உண்டு, பாதி கிடைத்த வருடமும் உண்டு. எதுவும் மனசில் நிற்கவில்லை. அந்த வருடம் மட்டும் நிற்கிறது.

முதலில் என் பக்கத்து நியாயம். மொத்த மானியத்தில் அந்த நிகழ்ச்சியின் பங்கு தூசி அளவுதான். வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம். ஒப்பந்தத் தொகுப்பாளர் ஒருவர், பகுதிநேர உதவியாளர் ஒருவர், மாதம் ஒருமுறை மலைக்குப் போய் ஒலிப்பதிவு செய்து வரும் வண்டிச் செலவு. இவ்வளவு சின்னதை எதற்காகத் தொட வேண்டும் என்ற பொருளில்தான் சொன்னேன். தொகையைப் பார்த்து முடிவெடுப்பவரிடம் தொகையை வைத்துப் பேசினால் எடுபடும் என்று நினைத்தேன். என் இடத்தில் இருந்த யாருக்கும் அதுதான் முதலில் வாயில் வந்திருக்கும்.

ஆனால் எனக்கு வேறொன்றும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சியை ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுதான். புதிதாக ஒரு நேயர் வானொலியைத் திருப்புவதால் நமக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, அவர் கேட்பதால் இன்னொருவருக்குக் குறைவதும் இல்லை. பொருளாதாரத்தில் பொதுப்பண்டம் என்று பாடம் நடத்தும்போது தெருவிளக்கோடு வானொலி அலைபரப்பையும் சேர்த்து உதாரணம் சொல்வார்கள். தெருவிளக்கின் மின்கட்டணத்தை அதன் கீழே நடந்து போனவர்களின் எண்ணிக்கையால் யாரும் வகுப்பதில்லை. நான் வகுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கூட்டத்துக்குக் கொண்டுபோன அட்டவணையில் "ஒரு நேயருக்கு ஆகும் செலவு" என்று ஒரு பத்தி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அனுப்பிய படிவத்திலும் இல்லை. முழுமையாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். காலை நேர நிகழ்ச்சிகள் எவ்வளவு சிக்கனமாக நடக்கின்றன என்று அதில் பளிச்சென்று தெரிந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. அதே பத்தியின் கடைசி வரிசையில் மலைமொழி நிகழ்ச்சி. நேயர் கணக்கெடுப்பு சாலை வசதியுள்ள ஊர்களோடு நின்றுவிட்டிருந்தது. மலையில் யாரையும் கேட்கவில்லை. கீழே வந்து குடியேறிய மூன்று பேர் மட்டும் அந்த நிகழ்ச்சியைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்றை விரிவாக்கிக் கிடைத்த எண்ணால் செலவை வகுத்தால் என்ன வரும்? மற்ற எந்த வரிசையிலும் இல்லாத அளவுக்குப் பெரிய எண் வந்தது. கணக்கெடுப்பு மலைப்பகுதியை உள்ளடக்கவில்லை என்று அடிக்குறிப்பும் போட்டேன். எட்டுப் புள்ளிப் பொடி எழுத்தில்.

நான் போடாவிட்டால் அவரே வகுத்துப் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்திருக்கலாம். செலவும் நேயர் எண்ணும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில்தான் இருந்தன. பல ராத்திரி இந்த இடத்துக்கு வந்து ஆறுதல் அடைந்திருக்கிறேன். அப்புறம், அவருடைய விரல் அந்தப் பத்தியின் மேலேயே கீழே இறங்கி வந்து கடைசி வரிசையில் நின்றதும் நினைவுக்கு வரும்.

வெட்டு என்று வந்தால் அது எங்கே விழும் என்பதும் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சம்பளத்தைத் தொட முடியாது. ஓய்வூதியம், மின்கட்டணம், கோபுரப் பராமரிப்பு எதையும் தொட முடியாது. மிச்சம் இருப்பது நிகழ்ச்சிக்கான பணம் மட்டும்தான். அதனால் மானியம் கொஞ்சம் குறைந்தாலும் நிகழ்ச்சிப் பணத்தில் அது பல மடங்காக இறங்கும். அதிலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் மேல்தான் முதலில். கட்டடம், கருவி, அலைவரிசை எல்லாம் அப்படியே இருக்கும். பேசுகிற ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பிரிவுத் தலைவர் கேட்டார், "தொகுப்பாளர் யாரையாவது கூட்டிட்டுப் போறீங்களா?" என்று. வேண்டாம் சார், எல்லாம் தாளில் இருக்கு என்றேன். இதையும் இப்போதுதான் எழுத முடிகிறது.

பிறகு, மற்ற இடங்களில் இப்படிப்பட்ட அறைகளில் என்ன பேசினார்கள் என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1969 மே 1 அன்று அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்னால் பிரெட் ராஜர்ஸ் பேசியதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர். பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் குறைக்கப்படும் நிலையில் இருந்தது. குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர் கறாரான ஆள். ராஜர்ஸ் எண்களை விட்டுவிட்டு, கோபம் வந்தால் ஒரு குழந்தை என்ன செய்யலாம் என்பதைப் பற்றிப் பேசினார், அதைப் பற்றிய தன் பாட்டின் வரிகளைச் சொல்லிக் காட்டினார். சில நிமிடங்கள்தான். கேட்டு முடித்த பாஸ்டோர், அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்ற பொருளில் சொன்னார். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பார்க்கும்போதெல்லாம் எங்கள் தொகுப்பாளர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் மொழியில் நாலு வாக்கியம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும்.

ஒன்றும் ஆகியிருக்காது என்றும் தோன்றும். அதே நாட்டில் 2025 ஜூலையில், நிலையங்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே இரண்டு வருடத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. அரசியல் காற்று மாறும்போதெல்லாம் நிலையங்கள் ஆடிப்போகக் கூடாது என்பதற்காகத்தான் அங்கே பணத்தை முன்கூட்டியே ஒதுக்கும் வழக்கம் வந்தது. அந்த ஏற்பாடும் காப்பாற்றவில்லை. 1967 சட்டத்தின்படி உருவான அந்தக் கழகம் ஆகஸ்ட் முதல் தேதி மூடும் வேலையைத் தொடங்குவதாக அறிவித்தது. பெரிய நகர நிலையங்கள் நன்கொடையில் ஓடிவிடும். உள்நாட்டுப் பழங்குடி மக்களுக்கான நிலையங்கள், கிராமத்து நிலையங்கள்தான் அந்தப் பணத்தையே அதிகம் நம்பியிருந்தவை. நன்கொடை கொடுக்க ஆள் அதிகம் இல்லாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பார்கள்? அதைப் படித்தபோது என் அட்டவணையின் கடைசி வரிசைதான் கண் முன்னால் வந்தது.

கிரீஸில் 2013 ஜூன் 11 அன்று நடந்தது இன்னும் கொடுமை. அரசு ஒலிபரப்பு நிறுவனம் மூடப்படும் என்று அறிவித்த அன்று இரவே திரை கறுத்துவிட்டது. ஊழியர்கள் கட்டடத்தை விட்டுப் போகாமல் இணையம் வழியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்சி மாறி, 2015 ஜூனில் அது திரும்பி வந்தது.

அரசின் கையில் பணம் இருப்பதுதான் பிரச்சினையோ என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டணம், நேராகப் பொது ஒலிபரப்புக்கு. எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்பது அரசு இல்லை, தனி ஆணையம். ஆனால் ஆணையம் சொன்ன உயர்வுக்கு மாநிலங்கள் எல்லாம் சம்மதிக்க வேண்டும். 2020 இறுதியில் ஒரே ஒரு மாநிலம், சாக்சனி அன்ஹால்ட், சம்மதிக்காமல் முடக்கிவிட்டது. அடுத்த வருடம் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தொகையை அமலாக்கியது. சுவிட்சர்லாந்தில் கட்டணமே வேண்டாம் என்ற யோசனையை 2018 மார்ச் 4 அன்று மக்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 71.6 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். தங்கள் பையிலிருந்து போகும் பணத்தைத் தொடர்ந்து கொடுக்கிறோம் என்று அத்தனை பேர் சொன்னார்கள். அந்த நாட்டில் ரோமான்ஷ் என்று ஒரு மலைமொழி உண்டு. பேசுபவர்கள் சில பத்தாயிரம் பேர்தான், அவர்களுக்கும் வானொலி உண்டு, அந்தக் கட்டணத்தில். பெரிய மொழிக்காரர்கள் கட்டும் பணம் சிறு மொழிக்கும் போய்ச் சேரும்படியாகவே அந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். நேயருக்கு எவ்வளவு என்று அங்கேயும் யாராவது வகுத்துப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் ஏதோ இருந்திருக்கிறது.

அந்த அதிகாரியை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு துறையிலும் இவ்வளவு குறைத்தாக வேண்டும் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. எங்களுக்கு முன்னால் வந்துபோனது ஆரம்ப சுகாதார நிலையக் கோப்பு. பிரசவ வார்டையும் அரை மணி நேர நிகழ்ச்சியையும் ஒரே காலையில் எடைபோட வேண்டியவர் எதைப் பிடித்துக்கொண்டு எடைபோடுவார்? தாளில் இருப்பதைத்தான். தாளை நான் கொடுத்தேன்.

விளம்பரம் பிடித்து நடத்தியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். மூன்று நேயர் என்று எழுதியிருக்கும் நிகழ்ச்சிக்கு யார் விளம்பரம் தருவார்? சந்தை எட்டிப் பார்க்காத இடம் என்பதால்தான் பொதுப்பணத்தில் நடக்கிறது. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. பணம் கொடுக்கும் அரசு கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. கேட்கட்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை நாம் தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறோம் என்ற இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறேன்.

நிறுத்தும் உத்தரவை நான்தான் தொகுப்பாளரிடம் கொடுத்தேன். அறுபதைத் தாண்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"அவங்க நம்ம நிகழ்ச்சியைக் கேட்டுப் பாத்தாங்களா தம்பி?" என்றார்.

"கேட்டாங்க ஐயா."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. பணம்தான் இல்லையாம்."

அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. "அது போதும்" என்றார். உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த அறையில் யாரும் ஒரு நிமிடம்கூட அதைக் கேட்கவில்லை. ஒலிப்பதிவை நான் எடுத்துப் போகவே இல்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று பொய் சொன்னேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். என்னை ஏன் கூட்டிட்டுப் போகலை என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்ற பயமும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அடுத்த வருடம் மானியப் படிவம் வந்தபோது பிரித்துப் பார்த்தேன். ஏழாவது பத்தி: "ஒரு நேயருக்கு ஆகும் செலவு". எங்கள் அட்டவணை தெளிவாக இருந்ததாம், எல்லா நிலையங்களுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். பிரிவுத் தலைவர் என் தோளைத் தட்டிப் பாராட்டினார். வேறு ஊர்களிலும் இப்படிக் கடைசி வரிசைகள் இருக்கும். அவற்றில் எத்தனை போயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த வருடமும் படிவம் வந்திருக்கிறது. மீனவர்களுக்கான கடல் வானிலை நிகழ்ச்சி இப்போது கடைசி வரிசையில் இருக்கிறது. கடலில் இருப்பவர்களிடம் கணக்கெடுப்பு போகாது. ஏழாவது பத்தியில் எண் போடாமல், "கேட்பவர்கள் கணக்கெடுப்புக்கு எட்டாதவர்கள், வகுக்க இயலாது" என்று எழுதி அனுப்பினேன், எல்லா எழுத்தும் ஒரே அளவில். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. எண் இல்லாமல் ஏற்க முடியாதாம். நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் பேசினேன், கூட்டத்துக்கு வர அவள் தயார். அவளை அனுமதிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கோப்பு போயாக வேண்டும். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.