எழுவேன், தெரியும், பிடிக்கும்: பினாங்கில் சிம்பிள் பிரசண்ட் பழகிய விதம்

பினாங்குத் தீவின் தென்பகுதியில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் என் கணவருக்கு வேலை கிடைத்ததால், கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்தோம். தமிழ் வழியிலேயே பட்டப்படிப்பு வரை படித்தவள் நான். ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் என்று நீளும் லிட்டில் இந்தியாவுக்குப் போய்விட்டால் மளிகை, துணி, பூ எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் கிளினிக்கிலும், மகனின் பள்ளியிலும், அடுக்ககத்து நிர்வாக அலுவலகத்திலும், மின்தூக்கியில் நின்று நலம் விசாரிக்கும் சீனப் பெரியம்மாவிடமும் அது போதாது. மலாய் மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டே, ஏற்கெனவே பள்ளியில் எழுத்தளவில் படித்திருந்த ஆங்கிலத்தைப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த இடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் கவனித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே காலவடிவில் இருந்தன. எங்கே வசிக்கிறீர்கள், கணவர் எங்கே வேலை பார்க்கிறார், பையன் என்ன சாப்பிடுவான், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்பவை அனைத்தும் ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசண்ட். புதிய ஊரில் ஒருவர் தம்மை யார் என்று சொல்லிக்கொள்வதற்குத் தேவைப்படும் வடிவம் இதுதான் என்பதால், ஆங்கிலத்தின் மற்ற பதினொரு காலவடிவங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் முழுமையாகப் பழகுவது என்று முடிவுசெய்தேன்.

பள்ளிப் புத்தகத்தில் இதற்கு நேராக ‘நிகழ்காலம்’ என்று எழுதியிருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிகழ்காலம் என்றதும் நமக்கு ‘செய்கிறேன்’ நினைவுக்கு வருகிறது. ‘செய்கிறேன்’ என்றதும் இப்போது கையில் இருக்கும் வேலை நினைவுக்கு வருகிறது. உடனே வாய் ‘ஐ ஆம் டூயிங்’ என்று தொடங்கிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தின் சிம்பிள் பிரசண்ட், இந்த நொடியில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்வதற்கு அதிகம் பயன்படுவதில்லை. அது வழக்கத்தையும், என்றும் மாறாத உண்மையையும், ஒருவருடைய நிலையையும் சொல்கிறது. நாமோ நம் வழக்கங்களை எந்த வடிவில் சொல்கிறோம்? ‘தினமும் ஐந்து மணிக்கு எழுவேன்’, ‘அவர் காபி குடிக்க மாட்டார்’, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்றுதான் சொல்கிறோம். வடிவத்தில் இவை எதிர்காலம், பொருளில் வழக்கம். மலை நிற்பதும் ஆறு ஓடுவதும் போல முக்காலத்துக்கும் பொதுவான பொருளை நிகழ்காலத்தால் சொல்வர் என்பது நன்னூல் விதி. வாழும் பேச்சு அதற்கு ‘எழுவேன்’ என்பதையும் ‘உதிக்கும்’ என்பதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நான் எனக்கென்று ஒரு வழி வகுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் நினைத்துப் பார்ப்பேன். அது ‘-வேன்’, ‘-வார்’, ‘-உம்’ என்று முடிந்து, முன்னால் ‘வழக்கமாக’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால், அது சிம்பிள் பிரசண்ட். ‘-கொண்டிருக்கிறேன்’ என்று நீட்ட முடிந்தால், அது கன்டினியுவஸ். ‘நாளை வருவேன்’ என்பதற்கு மட்டும் ‘வில்’ வேண்டும். ஆனால் ‘நாளை ரயில் எட்டு மணிக்குப் புறப்படும்’ என்பது கால அட்டவணையைச் சொல்வதால், பட்டர்வொர்த் நிலையத்தில் அதை ‘த டிரெய்ன் லீவ்ஸ் அட் எய்ட்’ என்றே கேட்கலாம், சொல்லலாம்.

தமிழின் ‘-உம்’ வேறு ஓர் இடத்திலும் கைகொடுக்கிறது. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்று பேசுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. அறிதல், விரும்புதல், தேவைப்படுதல், உடைமை ஆகியவை செயல்கள் அல்ல, நிலைகள். நிலைகளுக்குப் பொதுவாக ‘இங்’ சேர்வதில்லை என்பது விதி. இந்த விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரியும் என்றுதானே தமிழிலும் சொல்கிறோம்! ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எவரும் சொல்வதில்லை. ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக், ஐ அண்டர்ஸ்டாண்ட் ஆகிய நான்கையும் இப்படிப் பொருத்திப் பார்த்த பிறகு, அந்த வினைகளுக்கு ‘இங்’ போடத் தோன்றவே இல்லை.

இந்த வேறுபாடு வெறும் தேர்வுத்தாள் விவகாரம் அல்ல. மகனுக்குச் சளி பிடித்திருந்தபோது கிளினிக்கில் மருத்துவர் நிதானமாக இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார். இப்போது இருமிக்கொண்டிருக்கிறானா என்பது ஒன்று. இரவில் இருமுவானா என்பது மற்றொன்று. ‘ஹி காஃப்ஸ் அட் நைட்’ என்றால் இரவுதோறும் வரும் இருமல். ‘ஹி இஸ் காஃபிங்’ என்றால் இந்த நேரத்தில் வரும் இருமல், அல்லது இந்தச் சில நாட்களாக மட்டும் இருப்பது. மருந்து பற்றிய கேள்வியும் அப்படியே. ‘டூ யூ டேக் எனி மெடிசின்’ என்பது நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தைப் பற்றியது. நோயாளியின் பதில் எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் அடுத்து எதைக் கேட்பார் என்பதே மாறக்கூடும். அயல்நாட்டில் ஒரு தாய் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருப்பது அவசியம் என்று நான் கருதுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் வசிக்கிறார். இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான். மாலை வேளைகளில் அவருடன் உட்கார்ந்து பேசிப் பழகுவேன். நான் என் ஊரையும் படிப்பையும் அன்றாட வேலைகளையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: “ஏம்மா, உன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ‘எஸ்’ எப்போதுதான் வரும்? உன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல், கேட்போம்.” அந்த ஒரு சொல் என் பயிற்சியையே மாற்றிவிட்டது. நான், நீ, நாங்கள், அவர்கள் ஆகியவற்றுக்கு வினை மாறுவதில்லை. அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கு மட்டுமே ‘எஸ்’ சேர்கிறது. தன்னைப் பற்றிப் பேசுவதையே பயிற்சியாகக் கொள்பவருக்கு அந்த மாற்றம் ஒருபோதும் பழகாது. ஆகவே அன்று முதல் பிறரைப் பற்றிப் பேசினேன்: கணவர் ஆறரைக்குப் புறப்படுவார், மகன் முட்டை சாப்பிட மாட்டான், எதிர்வீட்டு மலாய் மாக்சிக் (பெரியம்மா) மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஆள் தீர்ந்தபோது ஊரைப் பற்றிச் சொன்னேன். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிறது, மலை ரயில் பினாங்கு மலைமேல் ஏறுகிறது, ஜார்ஜ் டவுனின் உயர்ந்த கோபுரக் கட்டடமான கொம்தாருக்கு 68 மாடிகள் இருக்கின்றன: கனெக்ட்ஸ், கிளைம்ஸ், ஹேஸ்.

இந்த ஊரில் அந்த ‘எஸ்’ அடிக்கடி காதில் விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலாய் மொழியில் ‘சாயா பெர்கி’ என்றால் நான் போகிறேன், ‘டியா பெர்கி’ என்றால் அவர் போகிறார். ஆளுக்கோ காலத்துக்கோ ஏற்ப வினை மாறுவதில்லை. சீன மொழிகளிலும் அப்படித்தான். இம்மொழிகளோடு கலந்து வளர்ந்த இந்நாட்டுத் தெரு ஆங்கிலத்தில் ‘ஹி கோ’, ‘ஷி வொர்க்’ என்பது இயல்பான பேச்சு, அதில் குறை காண எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் நேர்முகத் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இதே நாட்டினர் ‘எஸ்’ஸை எதிர்பார்க்கிறார்கள். தமிழருக்கு இது அந்நியமும் அல்ல. போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று எழுவாய்தோறும் விகுதி மாற்றிப் பழகிய நாவுக்கு, ஒரே ஓர் எழுத்தை மட்டும் சேர்ப்பது பாரமாக இருக்கக் கூடாது.

பாரமாக இருப்பது ஒலிதான். வொர்க்ஸ் என்பதில் ‘ஸ்’ மெலிதாக, காற்றாக வெளிவருகிறது. லிவ்ஸ், கோஸ் போன்றவற்றில் அதே எழுத்து தொண்டை அதிர ஒலிக்கிறது. வாட்ச்சஸ், வாஷஸ் போன்றவற்றில் ஓர் அசை கூடிவிடுகிறது. ‘சே’ என்பது ‘செஸ்’ என்று குறுகுகிறது. தமிழ்ச் சொற்கள் இரண்டு மூன்று மெய்களை அடுக்கி முடிவதில்லை என்பதால், ‘கனெக்ட்ஸ்’ என்று முடிக்க வேண்டிய இடத்தில் நம் நாக்கு ஓர் உகரத்தைத் தேடுகிறது. இதற்கு டீச்சர் சொன்ன வழி, அடுத்த சொல்லோடு சேர்த்துப் படிப்பது: வொர்க்ஸின், லிவ்ஸின், கெட்ஸப். உயிரெழுத்து கிடைத்ததும் மெய் தானாக அதில் போய் அமர்ந்துகொள்கிறது. நம் புணர்ச்சி விதியும் இதைத்தானே செய்கிறது.

எதிர்மறைக்கு வரும்போது தமிழ் இன்னும் நெருங்கி வருகிறது. ‘மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை’ என்பதுதான் ‘ஐ டோண்ட் ஈட் பீஃப்’. ‘-வதில்லை’ என்ற முடிவு வழக்கத்தை மறுப்பதற்கென்றே தமிழில் இருப்பதால், சாப்பாட்டுக் கடைகளில் இதைச் சொல்வது எளிதாகப் பழகிவிட்டது. அவள், அவன், அது வரும்போது ‘டஸிண்ட்’ என்பது ‘எஸ்’ஸைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதால் பின்னால் வரும் வினை வெறுமையாக நிற்க வேண்டும்: ஹி டஸிண்ட் ஈட். கேள்வியிலும் அவ்வாறே: டஸ் ஹி ஈட்?

இப்போது நான் முழுக் கவனமும் வைத்துப் பயில்வது எதிர்மறைக் கேள்விக்கான பதில். ‘நீங்கள் வேலைக்குப் போவதில்லையா?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமாம், போவதில்லை’ என்று கேட்டவரின் கூற்றை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் ‘டோண்ட் யூ வொர்க்?’ என்பதற்கு ‘நோ, ஐ டோண்ட்’ என்றே வர வேண்டும். ‘யெஸ்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று ஆகிவிடும். அலுவலகங்களில் படிவம் நிரப்பும் ஊழியர் இந்த ‘யெஸ்’ஸைக் கேட்டதும் அப்படியே குறித்துக்கொள்ளக்கூடும். அதனால் தலையசைப்பையோ ஒற்றைச் சொல்லையோ நம்பாமல், ‘நோ, ஐ டோண்ட்’, ‘யெஸ், ஹி டஸ்’ என்று வினையோடு சேர்த்தே பதில் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். டீச்சரும் இப்போதெல்லாம் கேள்விகளை எதிர்மறையாகத் திருப்பித்தான் கேட்கிறார்.