சாவி கைக்கு வரும்வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் சிறிய வானாய்வுக் கூடம் இருக்கிறது. தண்டவாளத்தில் உருண்டு விலகும் தகரக் கூரை. உள்ளே சிமெண்டுத் தூணின்மேல் 11 அங்குலத் தொலைநோக்கி. அதைத் தனியாக இயக்கும் அனுமதி எனக்குக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. முதல் மூன்று இரவுகள் கண்வில்லையில் கண் வைக்கவே விடவில்லை. அப்போது மனத்தாங்கலாக இருந்தது. இப்போது யாருக்குக் கற்றுக் கொடுத்தாலும் நானும் அதையேதான் செய்கிறேன்.

பயிற்சி தந்தவர் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன். அவர் முதலில் கற்றுத் தந்தது எடை. குழல் மட்டும் சுமார் 12 கிலோ. அதற்கு ஈடாக மறுபக்கத் தண்டில் இரும்பு எடைகள் இருக்கும். மாட்டும்போது எடை முதலில், குழல் பிறகு; கழற்றும்போது குழல் முதலில், எடை கடைசியில். இரண்டாம் இரவு, பராமரிப்புக்காகக் கழற்றச் சொன்னபோது, கைக்கு எட்டியது எடைதான் என்று அதன் திருகில் கை வைத்தேன். "தம்பி, கையை எடு" என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் அவருடைய இரண்டு கைகளும் அதற்குள் குழலைத் தாங்கியிருந்தன. எடை போயிருந்தால் குழல் சரிந்து தூணில் மோதியிருக்கும், நடுவில் என் முகம் இருந்திருக்கும். அன்று முதல் எந்தத் திருகைத் தொடும் முன்பும் மறு கையால் குழலைப் பிடித்துக்கொள்கிறேன்.

அடுத்த சிக்கல் நம் ஊருக்கே உரியது. குழலைச் சுமந்து திருப்பும் தாங்கியின் ஓர் அச்சு வானின் வட துருவத்தைப் பார்க்க வேண்டும். வடக்கே போனால் துருவ நட்சத்திரத்தைப் பிடித்து எளிதில் சரிசெய்துவிடுவார்கள். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள். துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே கிடக்கிறது; செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் ஒரு நாளும் நான் அதைக் கண்டதில்லை. ஆகவே நகர்வைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். தை மாத இரவில் மிருகவேடன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சையில் மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் வடக்கே இருப்பது ஏறக்குறைய வான நடுக்கோட்டிலேயே இருக்கிறது. அது உச்சிக்கு வரும்போது குறுக்கு இழை போட்ட கண்வில்லையில் வைத்து ஐந்து நிமிடம் காத்திருப்போம். மேலோ கீழோ நழுவினால் அச்சு கிழக்கு மேற்காகப் பிசகியிருக்கிறது என்று பொருள். பிறகு கீழ்வானத்தில் ஒரு விண்மீனைப் பார்த்து உயரத்தைத் திருத்த வேண்டும். பொறுமையைக் கேட்கிற வேலை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. பூமி சுழல்வதை உடம்பால் உணர்ந்தது அப்போதுதான்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பகலில் சூரியப் புள்ளிகளைப் பார்க்க வந்த நாளை மறக்க முடியாது. குழலின் முன்வாயில் சூரிய வடிகட்டியைப் பொருத்தி, அசைத்தும் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருக்கும் சிறிய துணைநோக்கியின் மூடியைப் போட மறந்துவிட்டேன். ஒரு சிறுமி அதன் உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் வந்து உள்ளங்கையால் அதை மறைத்தார். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது பிறகுதான் தெரியவரும். இப்போது பகல் நிகழ்ச்சி என்றால் துணைநோக்கியையே கழற்றி அலமாரியில் பூட்டிவிடுகிறேன். மூடியை நம்புவதில்லை.

ஆனாலும் நான் உண்மையாகவே சேதம் செய்தது பனிநீரால்தான். நள்ளிரவுக்குப் பிறகு தோட்டத்திலிருந்து ஈரம் எழுந்து வரும். முன் கண்ணாடி முத்து முத்தாக வேர்க்கும். ஒரு இரவு வேர்த்த கண்ணாடியை அப்படியே மூடியிட்டு, கூரையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். பிறகு மழை வாரங்கள் வந்தன. கூடம் திறக்கப்படவே இல்லை. அடுத்து மூடியை எடுத்தபோது ஓரத்தில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரிக்கும். சுத்தம் செய்தோம், தடம் போகவில்லை. விளக்கடித்துப் பார்த்தால் இன்றும் தெரியும். பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

அதிலிருந்து வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பொழுது சாயும்போதே சூடேற்றும் பட்டையைப் போட்டுவிடுவது. துணியால் ஒருபோதும் துடைக்காமல் இருப்பது. அதையும் மீறி நனைந்தால் கூரையை மட்டும் மூடி, கண்ணாடியைத் திறந்தே உலரவிட்டு, காலையில் வந்து மூடியிடுவது. கட்டுப்பாட்டு அறையில் ஏர்கோன் ஓடுகிறது. அங்கே குளிர்ந்த கண்வில்லையை வெளியே எடுத்தால் உடனே மங்கிவிடும் என்பதால் கண்வில்லைப் பெட்டியும் இப்போது கூடத்திலேயே இருக்கிறது, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளோடு.

தேர்வு இரவில் அண்ணன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்கே ஈப்போவின் வெளிச்சத்துக்கு மேல் தென்சிலுவை ஏறி வந்தது. அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே மலைத்தொடரின்மேல் மின்னல் வெட்டியது. இடி கேட்கவில்லை, இருந்தாலும் நான் காத்திருக்கவில்லை. குழலைப் படுக்கை நிலைக்குக் கொண்டுவந்தேன்; நிமிர்ந்திருந்தால் நகரும் கூரை அதை இடித்துவிடும். அச்சுப் பூட்டுகளை இறுக்கினேன். மின்சாரத்தை நிறுத்தி, செருகிகளைச் சுவரிலிருந்தே பிடுங்கினேன். சிவப்பு விளக்கைக் கண்ணாடிமேல் பிடித்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. மூடியிட்டேன். கூரையை உருட்டி நான்கு ஊசிகளையும் போட்டேன்.

முதல் துளி தகரத்தில் விழுந்தபோது அண்ணன் பதிவேட்டை வாங்கி, நேரத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டார். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "மழை விட்டதும் வந்து தரையில் ஈரம் இருக்கிறதா பார்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.