மூன்றாவது கட்டம்

சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தேன். ஆனால் ஒரு பேர் ஆக்ட்டை, அதாவது உரை எதுவும் சேர்க்காத சட்டத்தின் மூல வாசகத்தை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தது அதற்கு அப்புறம்தான், அகில இந்திய பார் தேர்வுக்காக. கல்லூரியில் செமஸ்டருக்குச் செமஸ்டர் கைடும் சீனியர்கள் விட்டுப்போன நோட்ஸும் போதுமாக இருந்தன.

பார் கவுன்சிலில் பதிவு செய்து கவுன் போட்டதும் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கலாம். இரண்டு வருடத்துக்குள் இந்தத் தேர்வில் தேறி, தொழில் செய்வதற்கான சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. தமிழிலும் எழுதலாம். 2011-ல் தொடங்கிய தேர்வு இது. இப்படி ஒரு தேர்வு வைக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கில், உண்டு என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்ட்டை உள்ளே கொண்டுபோகலாம் என்பதால், "புத்தகத்தைப் பார்த்து எழுதுற பரீட்சைதானே" என்பார்கள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான் வரும். எந்தச் சட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை. தேட நேரமே இருக்காது.

நான் படித்த சமயத்தில் குற்றவியல் சட்டங்கள் வேறு மாறியிருந்தன. 2024 ஜூலை 1 முதல் புதியவை நடைமுறைக்கு வந்துவிட்டன. கல்லூரியில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரிவு. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. மனப்பாடம் செய்த எண்களை நம்ப முடியாது என்று ஆனபின், பிரிவின் வாசகத்தையே படிக்கும் பழக்கம் வந்தது. விளக்கம், வரம்புரை, அட்டவணை என்று எதையும் விடாமல் படித்தேன். அன்றைக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

தேர்வு எழுதிவிட்டு ஜூனியராக ஓடிக்கொண்டிருந்தேன். காலையில் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவது, சீனியர் வரும்வரை வழக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடச் சொல்லி பாஸ் ஓவர் கேட்பது, வாய்தா தேதியை டைரியில் குறிப்பது, ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது என்று பொழுது போய்விடும். சம்பளம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்கச் செய்ய வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் பாதிகூடக் கைக்கு வராத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வீட்டில் இன்னொருவர் சம்பாதிப்பவர்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும் தொழிலாக இது ஆகிவிடக் கூடாது. அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

ஒரு சாயங்காலம் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே கோர்ட் நோட்டீஸ். புரோநோட்டுக் கடன் வழக்கில் அவர் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாணை ஆகி, ஏழு மாதம் கழித்து அதை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டிருந்தார்கள். வழக்கு நடந்ததே தனக்குத் தெரியாது என்றார். மகள் வீட்டோடு வந்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

சீனியர் வருவதற்குள் நானே பதில் சொன்னேன். "டிகிரியை ரத்து பண்ணச் சொல்லி மனு போட 30 நாள்தாங்க டைம். அது தாண்டிடுச்சு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியா மனு போடணும். கோர்ட் ஏத்துக்குமான்னு சொல்ல முடியாது." பெரியவர் முகம் சுருங்கிப்போனது. "அப்படிங்களா வக்கீலம்மா" என்றதோடு சரி, வேறெதுவும் பேசவில்லை.

சீனியர் வந்து கட்டைப் புரட்டினார். "சம்மன் எப்படிம்மா சார்பு ஆச்சு?" என்று கேட்டார். சம்மன் அவரிடம் எப்படிச் சேர்ப்பிக்கப்பட்டது என்று அர்த்தம். பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். அவர் காலவரையறைச் சட்டத்தை எடுத்து, ஆர்ட்டிக்கிள் 123-ஐத் திறந்து என் பக்கம் தள்ளினார். அட்டவணையில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் என்ன மனு, இரண்டாவதில் 30 நாள். இரண்டும் எனக்குத் தெரிந்தவை. மூன்றாவது கட்டத்தில், அந்தக் காலம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்று இருக்கிறது: டிகிரி தேதியிலிருந்து; அல்லது, சம்மன் முறைப்படி சார்பு ஆகவில்லை என்றால், டிகிரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து. கீழே ஒரு விளக்கம்: பேப்பர் விளம்பரம் போன்ற மாற்று வழிச் சார்பு, முறையான சார்பாகக் கருதப்படாது.

இதே பக்கத்தைத் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அட்டவணையை விடாமல் படித்தவள், ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தபோது இரண்டாவது கட்டத்தோடு நின்றுவிட்டேன்.

"நோட்டீஸ் எப்போ வந்துச்சு அய்யா?" என்று கேட்டேன். வந்து 12 நாள் ஆகியிருந்தது. இன்னும் 18 நாள் இருந்தது.

"நோட்டீஸ் வந்த கவர் இருக்குங்களா?"

பெரியவர் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை, மகளின் போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு, கடைசியாக நான்காக மடித்த கவர். தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது. ஐந்தாம் நாள் மனு தாக்கல் செய்தோம். பிரமாணப் பத்திரத்தை நான்தான் எழுதினேன். அந்தக் கவரைக் கசங்காமல் நீவி, ஆவணங்களில் முதலாவதாக வைத்தேன்.