பக்கத்து அணுவுக்குத் தெரியாதா, சேர்?

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. கொழும்பு வெள்ளவத்தை வகுப்பில் அரைவாழ்வுக் கணக்கு: கதிர்த்தொழிற்பாட்டு அணுக்களில் பாதி தேய எவ்வளவு காலம் என்பது. கடற்கரைப் பக்கம் றெயில் போக, வழமைபோல் பேச்சை நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சக்தி ஏறி அருட்டின அணு ஒளியைக் காலுறதும், அதாவது வெளிவிடுறதும், இப்படித்தானே சேர்? ஒரு அணு காலினால் பக்கத்து அணுவுக்குத் தெரியாதா?"

"தெரியாது பிள்ளை. ஒவ்வொன்றும் தன்பாட்டில். அப்படியே எழுதுங்கோ."

"சரி சேர்" என்று எழுதிவிட்டாள்.

தெரியாமல் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்குத் தெரியும். அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேட் டிக்கி 1954 இலேயே எழுதிவிட்டார்: அருட்டிய அணுக்கள் ஒளியின் அலைநீளத்தைவிட நெருங்கி இருந்தால், எது காலியது என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாம் ஒரே அவத்தைக்கு (அலைகள் ஒத்து ஏறி இறங்கும் நிலைக்கு) வந்து ஒன்றாகக் காலும். ஒளியின் உச்சச் செறிவு அணுக்களின் எண்ணிக்கையோடு அல்ல, அதன் வர்க்கத்தோடு ஏறும். காலமும் அதற்கேற்பக் குறுகும். 1973 இல் ஐதரசன் புளோரைட்டு வாயுவில் இதைக் கண்டார்கள்.

மற்றப் பக்கமும் உண்டு, எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். தனி றுபீடியம் அணு சுமார் 26 நனோசெக்கனில் காலிவிடும். 2016 இல் பிரான்ஸின் நீஸ் நகருக்கு அருகே, மிகக் குளிர்ந்த றுபீடிய முகிலில், ஒளியின் ஒரு சிறு பங்கு அதைப்போல் நூறு மடங்கு காலம்வரை தங்கி வந்தது. அணுக்கள் ஒன்றின் அலையை மற்றது அழித்து ஒளியைப் பிடித்து வைத்திருந்தன. அணுக்கள் மிகச் சூடாக ஓடித் திரிந்தால் அவத்தை கலைந்துவிடும். குளிர வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியுமா? அறுபது பிள்ளைகள், புள்ளித்திட்டத்தில் இதற்கு இடமும் இல்லை. கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வுக்கு நான் சொன்னது சரியும்கூட. ஆனால் அவள் கேட்டது அணுக்கருவைப் பற்றி அல்ல, ஒளியைப் பற்றி. "நல்ல கேள்வி, பரீட்சை முடிய வாங்கோ" என்று சொல்ல எத்தனை செக்கன் போயிருக்கும்? அதற்குப் பிறகு அவள் ஒன்றுமே கேட்கவில்லை. பரீட்சைக் களைப்பாகவும் இருக்கலாம். நான்தான் அதற்குப் பெரிய அர்த்தம் கொடுக்கிறேனோ என்னவோ.

இந்த வருடமும் அதே பாடம் வந்தது. றெயில் போனது, நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் திரும்பி அடுத்த கணக்கைப் பலகையில் எழுதினேன்.