ரிடோ கால்வாயோரத்துப் பழைய புகையிரத நிலையம்

ஒட்டாவாவுக்கு நான் வந்து சேர்ந்தது 2011 சனவரியில். ரொறன்ரோவிலிருந்து நாலரை மணி நேரம் ஓடிய புகையிரதம், நகரின் கிழக்கே நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எங்களை இறக்கிவிட்டது. ஒரு நாட்டின் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லக்கூடிய எதுவும் அங்கே கண்ணில் படவில்லை. அடுத்த கிழமை, வேலை தேடி நாடாளுமன்றப் பக்கம் அலைந்தபோது, ரிடோ கால்வாயின் கரையில் பெருந்தூண்களோடும் அரைவட்டச் சாளரங்களோடும் நின்ற ஒரு கட்டடத்தைக் கண்டேன். அதுவும் புகையிரத நிலையம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொழும்பில் கோட்டையும் மருதானையும் இருப்பதுபோல இங்கும் இரண்டு இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, குளிர் காயும் ஆசையோடு கதவருகே போனேன். அது அரச மாநாட்டு மண்டபம் என்று காவலர் மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

என் ஊகம் நாற்பத்தைந்து ஆண்டுகள் பிந்திய ஊகம், அவ்வளவுதான். கிராண்ட் ட்ரங்க் ரெயில்வே அந்த நிலையத்தை 1912 இல் திறந்தது. தெருவுக்கு எதிரே இருக்கும் சாட்டோ லோரியே விடுதியும் அதே நிறுவனம் அதே ஆண்டில் கட்டி முடித்ததுதான். இரண்டுக்கும் காரணமாயிருந்த நிறுவனத் தலைவர் சார்ள்ஸ் ஹேய்ஸ் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. அந்த ஏப்ரலில் டைட்டானிக் கப்பலோடு அவரும் போய்விட்டார். பயணிகள் விடுதிக்கு நடந்து போகத் தெருவின் அடியில் சுரங்கப்பாதை ஒன்றும் அமைத்திருந்தார்கள். பிரெஞ்சு நகரத் திட்டமிடலாளர் ழாக் கிறெபர் 1950 இல் அளித்த திட்டம், தண்டவாளங்களை நகரின் நடுவிலிருந்து அகற்றச் சொன்னது. 1966 ஜூலையோடு இங்கே சேவை நின்றது. நான் வந்திறங்கிய கண்ணாடிக் கட்டடம் அதற்குப் பதிலாக எழுந்தது.

தண்டவாளம் எங்கே போயிற்று என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. நான் வளர்ந்தது கொடிகாமத்தில். வடக்குக்கான சேவை 1990 இல் நின்றுபோனதால், எங்கள் ஊரில் புகையிரத நிலையம் இருந்தது, புகையிரதம் இருக்கவில்லை. தண்டவாளங்களும் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. எங்கள் வளவுப் பதுங்குகுழியின் கூரையில் கிடந்த கட்டையில், இரும்பாணி இருந்த துளைகளுக்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். வெறும் கல்மேடாகக் கிடந்த பாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவனுக்கு, புகையிரதம் போன வழி சட்டென்று திரும்பாது, ஏறி இறங்காது என்பது காலுக்கே தெரியும். கால்வாயின் கிழக்குக் கரையோடு போகும் கேணல் பை சாலையில் முதல்முறை நடந்தபோது அந்த நிதானமான வளைவை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். பிறகு விசாரித்தபோது, அது தண்டவாளங்கள் கிடந்த இடம்தான் என்றார்கள்.

அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த ஜோன் பை, 1826 முதல் 1832 வரை 202 கிலோமீற்றர் நீளக் கால்வாயை வெட்டுவித்த படைப் பொறியியலாளர். அமெரிக்கர் படையெடுத்தால் படைகளும் பொருள்களும் செல்ல மாற்று வழி வேண்டும் என்பதற்காக வெட்டிய கால்வாய் இது. வேலை செய்தவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள்; மலேரியாவுக்குப் பலியானவர்கள் பலர். கனடாவில் மலேரியா என்பதை நான் முதலில் நம்பவில்லை.

மேலவை 2019 இல் இந்தக் கட்டடத்துக்கு இடம் மாறிய பிறகுதான், வழிகாட்டியோடு உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்தது. ரோமானியரின் நீராடு மண்டபங்களைப் பார்த்துக் கட்டிய பழைய காத்திருப்பு மண்டபத்தில், தாழக் கதைத்தாலும் குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. பயணிகள் மேடைகளுக்குப் போக நடந்த கூடம் இப்போது மேலவையின் அவை. 1981 நவம்பரில் அரசமைப்பைப் பற்றிய இணக்கம் இந்தக் கட்டடத்தின் சமையலறையில் உருவானதை வழிகாட்டி நெடுநேரம் விளக்கினார். எனக்கோ பயணச்சீட்டு யன்னல் எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்பதிலேயே கவனம் நின்றது.

2022 இலையுதிர்காலத்தில் அம்மா வந்திருந்தபோது அவரையும் கூட்டிச் சென்றேன். யாழ்தேவியில் பலமுறை பயணம் செய்தவர் அவர். தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஸ்ரேசன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்” என்றார். அன்று மாலையே அவர் ரொறன்ரோவுக்குத் திரும்பவேண்டியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த ரிடோ தரிப்பிடத்தின் நீண்ட நகரும் படிகளில் நிலத்துக்கடியில் இறங்கினோம். அங்கிருந்து நாலாவது தரிப்பில் இறங்கினால்தான் புதிய நிலையத்துக்குப் போகலாம் என்றேன்.

“ஸ்ரேசனுக்குப் போறதுக்கும் ஒரு கோச்சியோ?” என்று கேட்டபடி அம்மா பெட்டியில் ஏறினார்.