மெயில் பிரிக்கப் பாப்ஃபைலைப் பழக்குகிறேன்: இதுவரை நடந்தது

ஸ்பேமை மட்டும் ஒதுக்கித் தள்ள இப்போது எல்லா மெயில் சேவையிலும் வசதி இருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு மேலே. பில், வேலை, நண்பர்கள், நியூஸ்லெட்டர் என்று நல்ல மெயிலும் தானாகப் பிரிய வேண்டும், அதுவும் நான் கையால் பிரித்தால் எப்படிப் பிரிப்பேனோ அப்படி. அதற்குத்தான் பாப்ஃபைல். ஜான் கிரஹாம்-கம்மிங் பெர்ல் மொழியில் எழுதி 2002இல் வெளிவிட்ட பழைய மென்பொருள், ஆனால் இந்த ஒரு வேலையை இவ்வளவு வெளிப்படையாகச் செய்வது வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பக்கெட். எந்தச் சொல் எந்தப் பக்கெட்டில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டு, புது மெயில் வந்ததும் பேயஸ் என்ற நிகழ்தகவுக் கணக்குப்படி எதற்கு வாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறது. முதலிடத்துக்கு வந்த பக்கெட் இரண்டாவதைவிட 100 மடங்காவது முந்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் வகைப்படுத்தாதது என்று அப்படியே விட்டுவிடும். இந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. தவறான இடத்தில் போய் ஒளிந்துகொண்ட மெயிலைத் தேடுவதைவிட இன்பாக்ஸிலேயே கிடக்கும் மெயில் எவ்வளவோ மேல்.

ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துக் கையாளும் முறை) வசதியை ஆன் செய்து பக்கெட்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று இணைத்தேன். தப்பான இடத்தில் விழுந்ததைச் சரியான ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால் போதும், அதுதான் பயிற்சி. திருத்தியதிலிருந்து மட்டுமே கற்கிறது, சரியாகப் போனதை நாம் தொடவே வேண்டாம்.

ஸ்பேம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. இழுபறி எல்லாம் நியூஸ்லெட்டருக்கும் ஸ்பேமுக்கும் இடையில்தான். இரண்டிலும் சலுகை, இங்கே கிளிக் செய்யவும், சந்தா நீக்க என்று ஒரே பல்லவி. உலாவியில் திறக்கும் பாப்ஃபைலின் பக்கத்தில் ஒரு மெயிலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பக்கெட்டின் நிறத்திலேயே காட்டும், அங்கே போய்ப் பார்த்தபோதுதான் அது எழுத்தின் நிறம், படத்தின் அகலம் போன்ற, மெயிலின் தோற்றத்தை அமைக்கும் ஹெச்டிஎம்எல் விவரங்களையும் சொல் மாதிரியே எண்ணுகிறது என்று புரிந்தது. நாம் படிக்கும் மெயிலும் அது படிக்கும் மெயிலும் வேறு வேறு! நியூஸ்லெட்டரைக் காப்பாற்றியது பெரும்பாலும் ஹெடர்தான் (அனுப்புநர், தலைப்பு போன்றவை இருக்கும் மெயிலின் மேல்பகுதி), அனுப்புநர் முகவரி எப்போதும் ஒன்றாகவே இருக்கிறதே.

அனுப்புநரை வைத்தே சொல்லிவிடலாம் என்றால் கற்றுக்கொடுப்பது வீண். அதற்கு மேக்னெட் இருக்கிறது: இந்த முகவரியிலிருந்து வந்தால் இந்தப் பக்கெட், அவ்வளவுதான், கணக்குப் போடவே போடாது. பில் அனுப்பும் முகவரிகளை அப்படிக் கட்டிப்போட்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது. வேலை, வேலை-அவசரம் என்று இரண்டு பக்கெட் வைத்துப் பார்த்ததில் பலன் இல்லை. அவசரம் என்பது சொல்லில் இருப்பதில்லை, ஆளையும் நேரத்தையும் பொறுத்தது. அதனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

நண்பர்கள் வெறும் லிங்க்கை மட்டும் ஒட்டி அனுப்புவது இன்னும் தடுமாற வைக்கிறது, எண்ணுவதற்கு அதில் சொல்லே இல்லை. அடுத்து இன்னொரு முகவரியில் போகோஃபில்டர் என்ற ஸ்பேம் வடிகட்டியைப் போடப்போகிறேன். அது ஸ்பேம், நல்லது, தெரியவில்லை என்ற மூன்றைத்தான் சொல்லும், ஆகவே மற்றப் பிரிப்புக்கு சீவ் (மெயில் சர்வரிலேயே ஓடும் வடிகட்டி மொழி) விதிகளை நானே எழுத வேண்டியிருக்கும்.